ரவுட்டரைக் கழற்றிய பிறகும் சாமத்தில் இன்ரநெற் எப்படி வருகிறது? (மகனின் லப்டொப்)

கொக்குவில் அம்மா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மகனுக்கு 14 வயது, தரம் 9. அவனுடைய அப்பா கட்டாரில். வீட்டில் நான், மகன், என் அம்மா, மூன்று பேர்தான். நான் அரச அலுவலகமொன்றில் முகாமைத்துவ உதவியாளர். பஸ் பிடித்து வீட்டுப் படலையைத் திறக்கவே பின்னேரம் ஐந்தரை ஆகிவிடும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அதுவரை அவனும் அம்மம்மாவும்தான்.

லப்டொப் போன வருடம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு கடையில் வாங்கினது, ஏற்கெனவே யாரோ பாவித்தது. விண்டோஸ் 11. அதை எடுத்து ஒளித்துவைக்கச் சொல்லாதீர்கள். கிழமையில் மூன்று நாள் இரவு ஏழரைக்கு சூமில் ரியூசன். ரியூட்டுகளும் (பாடக் குறிப்புகள்) வட்ஸ்அப்பில்தான் வருகின்றன. லப்டொப் இல்லாமல் முடியாது.

நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யூரியூப் பார்த்துப் பார்த்து மைக்ரோசொப்ட் ஃபமிலி சேஃப்ரியில் அவனைப் பிள்ளையாகச் சேர்த்தேன். இரவு 9 மணிக்குப் பிறகு அவனுடைய கணக்குத் திறக்காது. ரவுட்டரில் டிஎன்எஸ் என்கிற இடத்தில் 1.1.1.3 என்று போட்டேன், கூடாத தளங்கள் வராது என்றார்கள். அதுவும் போதாமல், ஒன்பதரைக்கு ரவுட்டரின் அடப்ரரைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். சிரிக்காதீர்கள்.

போன வியாழன் சாமம் இரண்டு மணிபோலத் தண்ணீர் குடிக்க எழும்பினேன். அவனுடைய அறைக் கதவுக்குக் கீழே நீல வெளிச்சம். உள்ளே யாரோடோ குசுகுசுத்துக் கதைக்கிற சத்தம். தட்டினேன், வெளிச்சம் நின்றது. உள்ளே போனால் பிள்ளை போர்வைக்குள் நல்ல நித்திரை. லப்டொப்பின் அடியில் கையை வைத்தேன், அடுப்பால் இறக்கின தோசைக்கல் மாதிரிச் சுட்டது.

காலையில் கேட்டால் "அப்டேட் ஓடியிருக்கும் அம்மா" என்கிறான். ஃபமிலி சேஃப்ரி ஒவ்வொரு கிழமையும் எனக்கு ஒரு அறிக்கை அனுப்பும். அதில் ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு நிமிடம்கூட இல்லை. அறிக்கையை நம்பினால் ஊரிலேயே நல்ல பிள்ளை என்னுடையவன்தான். லொகின் திரையையும் பார்த்தேன். என்னுடைய பெயர், அவனுடைய பெயர், பிரிண்டர், எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன.

ரவுட்டரே இல்லாத நேரத்தில் இன்ரநெற் எந்த ஓட்டையால் வருகிறது? பக்கத்து வீட்டு வைஃபையாக இருக்குமோ என்று அவர்களையும் கேட்டேன். அவர்கள் போன மாதமே பாஸ்வேர்ட்டை மாற்றிவிட்டார்களாம்.

இன்னொரு விஷயம், இதோடு சம்பந்தமில்லை, ஆனாலும் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. அம்மாவின் போனில் மாதத்துக்குப் போடுகிற டேட்டா பத்து நாளில் முடிந்துவிடுகிறது. அவ அதில் ஞாயிற்றுக்கிழமை கனடாவில் இருக்கிற அக்காவோடு கதைக்கிறதைத் தவிர ஒன்றும் செய்வதில்லை. போன் ஏதும் பழுதாகியிருக்குமா?


பருத்தித்துறை அப்பா

தங்கச்சி, ரவுட்டர் அடப்ரரை விடுங்கோ. லப்டொப்பின் சார்ஜரை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகுங்கோ. எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். கம்பியூட்டர் படிப்பு ஒன்றும் வேண்டாம்.

(பற்றரி மூன்று மணித்தியாலம் நிற்கும் என்பது எனக்கும் பிறகுதான் தெரியவந்தது. அது வேறு கதை.)


சுன்னாகம் திருத்துநர்

அக்கா, ஒருக்கா நில்லுங்கோ. உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன்.

லொகின் திரையில் பிரிண்டரின் பெயர் வராது. அந்த மூலையில் வருவது ஆட்களின் கணக்குகள் மட்டும்தான். பிரிண்டரைப் பூட்டினாலும் கழற்றினாலும் அங்கே ஒன்றும் தெரியாது.

உங்கள் வீட்டில் பிரிண்டர் இருக்கிறதா?


கொக்குவில் அம்மா

இல்லை. எங்கள் வீட்டில் பிரிண்டரே இல்லை. கடைக்காரர் ஏதோ போட்டுவிட்டிருக்கிறார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன்.

ஐயோ.


முன்னாள் சுழியன்

அன்ரி, நான் உங்கள் கட்சி இல்லை, மகனின் கட்சியில் இருந்தவன். இப்போது திருநெல்வேலியில் கம்பஸ். அதனால் குற்ற ஒப்புதல் கொடுத்தாலும் அப்பா அடிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

"பிரிண்டர்" என்று பெயர் வைத்தவன் கெட்டிக்காரன். நான் "ரெஸ்ட்" என்று வைத்து இரண்டு நாளில் பிடிபட்டேன்.

நடந்திருக்கக்கூடியது இதுதான். ஃபமிலி சேஃப்ரி கணினியைப் பார்ப்பதில்லை, மகனின் மைக்ரோசொப்ட் கணக்கைத்தான் பார்க்கும். அதே லப்டொப்பில் மைக்ரோசொப்ட்டுக்கே தெரியாத ஒரு உள்ளூர்க் கணக்கைத் திறந்துவிட்டால், அதற்கு நேரக் கட்டுப்பாடும் கிடையாது, அறிக்கையும் கிடையாது. ஒன்பது மணிக்கு மகன் நல்ல பிள்ளையாக வெளியே வருவான், ஒன்பதே காலுக்குப் பிரிண்டர் உள்ளே போகும். உங்கள் அறிக்கை பொய் சொல்லவில்லை, அது பார்க்கிற ஆள் நித்திரைதான்.

ஆனால் புதுக் கணக்குத் திறக்க அட்மினின், அதாவது கணினியை நிர்வகிக்கிற கணக்கின், பின் இலக்கம் வேண்டும். அது உங்களுடையது. அவனுக்கு எப்படிக் கிடைத்தது? ஹக்கிங் என்றெல்லாம் பயப்படாதீர்கள். நாலு இலக்கம் என்றால் எங்கள் வீடுகளில் மூன்று சாத்தியம்தான்: பிறந்த வருடம், மோட்டர்சைக்கிள் இலக்கம், 1234. அதுவும் இல்லையென்றால் நீங்களே சொல்லியிருப்பீர்கள். "அம்மா, சூம் அப்டேட் கேட்குது, பின் அடிக்கோணும்" என்று அவன் அறையிலிருந்து கூப்பிட்டிருப்பான். நீங்கள் குசினியில் கை ஈரமாக நின்றிருப்பீர்கள். என் அம்மா அப்படித்தான் ஒரு நாள் முழு ஒழுங்கைக்கும் கேட்கத் தன் பின் இலக்கத்தைச் சொன்னவ.

அடுத்தது இன்ரநெற். அன்ரி, அம்மம்மாவின் போன் இரவில் எங்கே சார்ஜ் ஏறுகிறது?


கொக்குவில் அம்மா

தம்பி, இதை வாசித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அம்மம்மாவின் போனைத் தினமும் இரவில் மகன்தான் வாங்கிக்கொண்டுபோய்த் தன்னுடைய மேசையில் சார்ஜ் போடுகிறான். "அம்மம்மா, உங்கட பிளக் சரியில்லை, நான் லப்டொப்பில குத்திவிடுறன்" என்று. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பேரப்பிள்ளையா என்று அம்மா கோயிலில் கூடச் சொல்லித் திரிகிறா.


சுன்னாகம் திருத்துநர்

பேரப்பிள்ளையின் பாசத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. யூஎஸ்பி வயரில் போனைக் குத்தி, போனுக்குள் யூஎஸ்பி தெதரிங் என்ற ஒரு சுவிட்சைத் தட்டினால், போனின் சிம் டேட்டா வயர் வழியாக லப்டொப்புக்குப் போகும். வைஃபையும் வேண்டாம், ரவுட்டரும் வேண்டாம். டேட்டா பத்து நாளில் முடிகிற கதையும் இதுதான். போன் பழுதில்லை.

நீங்கள் ரவுட்டரில் போட்ட 1.1.1.3 ஏன் வேலை செய்யவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிஎன்எஸ் என்பது விலாசம் சொல்கிற தபாற்கந்தோர் மாதிரி. தளத்தின் பெயரைக் கேட்டால் எந்தக் கணினிக்குப் போகவேண்டும் என்று இலக்கம் சொல்லும். 1.1.1.3 என்பது கிளவுட்ஃபிளேர் குடும்பங்களுக்கென்று வைத்திருக்கிற கந்தோர். ஆபாசத் தளத்தின் விலாசம் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிடும். நல்லதுதான். ஆனால் நீங்கள் அதை ரவுட்டரில் எழுதினீர்கள். ரவுட்டர் வழியாகப் போகிறவன் மட்டும்தான் அந்தக் கந்தோரில் கேட்பான். அம்மம்மாவின் சிம் வழியாகப் போகிறவன் சிம் கம்பனியின் கந்தோரில் கேட்பான், அங்கே நீங்கள் போட்ட வடிகட்டல் இல்லை.

இனி என்ன செய்வது. எங்கள் கடைக்கு மாதத்தில் இரண்டு மூன்று தாய் தகப்பன் இதே முறைப்பாட்டோடு வருகிறார்கள். எல்லோரும் மேலேயிருந்து பூட்டிக்கொண்டு வருகிறார்கள். முதலில் யூரியூப், பிறகு புரௌசர், பிறகு ரவுட்டர். கீழே அட்மின் கணக்கு திறந்தே கிடக்கும். வீட்டுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டுத் திறப்புக் கோர்வையைப் பிள்ளையின் கையில் கொடுத்த மாதிரி. அதனால் கீழேயிருந்து தொடங்குங்கோ.

உங்கள் கணக்கில் போய், செற்றிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதற்குள் அதர் யூசர்ஸ். அங்கே "பிரிண்டர்" நிற்கும். உடனே அழிக்காதீர்கள். கணக்கை அழித்தால் அதற்குள் இருக்கிற ஃபைல்களும் போய்விடும். ரியூட் ஏதும் அங்கே வைத்திருக்கிறானோ என்று மகனை வைத்துக்கொண்டே பார்த்து எடுத்துவிட்டு அழியுங்கோ. பிறகு மகனின் சொந்தக் கணக்கைப் பாருங்கோ, அது அட்மினிஸ்ரேற்றர் என்று இருந்தால் ஸ்டாண்டர்ட் யூசர் என்று மாற்றுங்கோ. பாவித்த லப்டொப்களில் கடைக்காரரும் அவசரத்தில் எல்லாவற்றையும் அட்மினாகவே விட்டுவிடுவார்கள், எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்தது உங்கள் பின். அதை மாற்றுகிற இடத்திலேயே எழுத்துகளும் குறிகளும் சேர்க்கலாம் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதைக் கிளிக் பண்ணினால் நாலு இலக்கத்தோடு நிற்கத் தேவையில்லை. நீளமாக ஒன்று வையுங்கோ. அதை அவனுக்கு முன்னால் அடிக்காதீர்கள். உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கின் பாஸ்வேர்ட்டையும் மாற்றுங்கோ. அதை மாற்றாவிட்டால் அவன் எந்தப் போனிலிருந்தும் ஃபமிலி சேஃப்ரிக்குள் உங்கள் பெயரில் போய் நேரத்தைக் கூட்டிவிடலாம். அனுமதி கேட்பவனும் கொடுப்பவனும் ஒரே ஆள்.

இந்த இரண்டும் முடிந்தால் முக்கால்வாசி ஓட்டை அடைபட்டுவிடும். ஸ்டாண்டர்ட் கணக்கில் இருக்கிற பிள்ளையால் புதுக் கணக்குத் திறக்க முடியாது, மணிக்கூட்டை மாற்ற முடியாது, டிஎன்எஸ்ஸை மாற்ற முடியாது.

மிச்சக் கால்வாசிதான் தலையிடி.

விண்டோஸ் ஏறும் முன்னமே எஃப்2 அல்லது டிலீட் அழுத்தினால் பயொஸ் என்று ஒரு இடம் திறக்கும். அங்கே திகதியை மாற்றலாம், பென்ரைவிலிருந்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற வேறொரு இயங்குதளத்தை ஏற்றலாம். லினக்ஸ் ஏறினால் விண்டோஸில் நீங்கள் போட்ட பூட்டு ஒன்றும் அங்கே இல்லை. அதனால் பயொஸுக்கும் ஒரு பாஸ்வேர்ட் போடவேண்டும். கவனம், இரண்டு விஷயம். ஒன்று, அதை மறந்தால் பெரிய வில்லங்கம். சில மொடல்களில் உள்ளே இருக்கிற மதர்போர்ட்டைக் கழற்றாமல் ஒன்றும் செய்ய ஏலாது. ஒரு கொப்பியில் எழுதிக் கலியாண அல்பத்துக்குள் வையுங்கோ, பிள்ளைகள் அதைத் திறப்பதில்லை. இரண்டு, விண்டோஸ் 11 இல் டிஸ்க் குறியாக்கம் (டிஸ்கில் இருப்பதைத் திறப்பில்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டுவது) பெரும்பாலும் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். பயொஸில் கைவைத்தால் அடுத்த தரம் 48 இலக்க மீட்புத் திறப்பைக் கேட்கக்கூடும். அது அட்மினின் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். பயொஸைத் தொட முதல் அதை எடுத்து எழுதி வையுங்கோ. எழுதி வைக்காமல் வந்து, பரீட்சைக்கு முதல்நாள் கடை வாசலில் நின்று அழுத ஒரு தகப்பனை எனக்குத் தெரியும்.

டிஎன்எஸ்ஸை ரவுட்டரில் மட்டும் போடாமல் லப்டொப்பிலும் போடுங்கோ. செற்றிங்ஸில் வைஃபைக்குள் போனால் ஹாட்வெயார் புரொப்பர்ட்டீஸ் என்று ஒன்று இருக்கும், அங்கே போட்டால் எந்த வைஃபையில் சேர்ந்தாலும் அதுவே நிற்கும். குறிப்பிட்ட ஒரு வைஃபையின் பெயருக்குள் போய்ப் போட்டால் அந்த ஒன்றுக்கு மட்டும்தான். போனின் ஹொட்ஸ்பொட்டால் வந்தாலும் அது வைஃபைதான், அதனால் பிடிபடும். ஆனால் வயரில் குத்தின போனை விண்டோஸ் வைஃபையாகப் பார்ப்பதில்லை, ஈதர்நெற் என்று தனியாகப் பார்க்கும். அதற்கு வைஃபையில் போட்ட டிஎன்எஸ் செல்லாது. உங்கள் மகனுக்கு இது தெரிந்திருந்ததோ, இல்லை தற்செயலாக வயரைப் பிடித்தானோ தெரியாது. தெரிந்து செய்திருந்தால் அவனை என்னிடம் விடுமுறைக்கு அனுப்புங்கோ, வேலை பழக்குகிறேன்.

போனுக்கு ஒரு பூட்டுப் போடுங்கோ. அம்மம்மாவுக்கு இலக்கம் நினைவில் நிற்காது என்றால் விரல் அடையாளம் வையுங்கோ.


முன்னாள் சுழியன்

அண்ணை கீழே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், நான் மேலே ஒன்று சேர்க்கிறேன். புரௌசரில் நீட்சி (எக்ஸ்ரென்சன்) போட்டுத் தளங்களைத் தடுத்திருந்தால் அதை நம்பாதீர்கள். குரோமில் கெஸ்ட் யன்னல் என்று ஒன்று இருக்கிறது. அதில் நீட்சி ஒன்றும் ஓடாது, வரலாறும் மிஞ்சாது. மூடினால் ஒன்றும் நடக்காத மாதிரி. நான் ஓஎல் படித்த வருடம் முழுக்க அந்த யன்னலில்தான் குடியிருந்தேன்.

ஃபமிலி சேஃப்ரியின் தள வடிகட்டலும் எட்ஜ் புரௌசருக்குள் மட்டும்தான் வேலை செய்யும். அதனால்தான் அதைப் போட்டவுடன் குரோம் திறக்கமாட்டேன் என்று நிற்கும். நிறையத் தாய்மார் அதைப் பழுது என்று நினைத்துத் தாங்களே அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். எட்ஜுக்குள்ளேயே ரியூசன், சூம், வட்ஸ்அப் எல்லாம் ஓடும். குரோம் வேண்டாம் என்று விடுங்கோ. பென்ரைவில் இன்ஸ்டோல் பண்ணாமலே ஓடுகிற புரௌசர்களும் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறும். நான் சொன்னேன் என்று சொல்லவேண்டாம்.


கணித ரீச்சர்

ஒரு சின்ன எச்சரிக்கை. டிஎன்எஸ் வழியாக யூரியூப்பைக் கட்டுப்பாட்டு முறைக்கு மாற்றுகிற சேவைகள் இருக்கின்றன. கிளீன்பிரௌசிங் என்பதன் குடும்ப வடிகட்டி அப்படி. என் மகளுக்கு அதைப் போட்டேன். போட்ட கிழமையே பாடக் காணொளிகளில் கொமென்ற் ஒன்றும் தெரியவில்லை, யூரியூப் அந்த முறையில் கொமென்ற் எல்லாவற்றையும் மறைத்துவிடும். கணக்கு விளங்காத பிள்ளைகள் கேள்வி கேட்பதும், ஆசிரியர் பதில் போடுவதும் அங்கேதான். சில பாடங்களே தேடினால் வரவில்லை. கடைசியில் கழற்றிவிட்டேன். 1.1.1.3 கொஞ்சம் தளர்வு, பதின்ம வயதுக்கு அது போதும் என்பது என் எண்ணம்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடினபோது சூம் வீட்டுக்குள் வந்தது. பள்ளிக்கூடம் திறந்தும் அது போகவில்லை. பிள்ளைகளிடம் லப்டொப்பை நாங்கள்தான் கொடுத்தோம், "நீயே பார்த்துச் செய்" என்று. வீட்டில் யாருக்காவது மின்னஞ்சல் திறக்கவேண்டுமென்றால், கரண்ட் பில் கட்டவேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுகிறோம்? அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத்தான். எங்கள் பாஸ்வேர்ட் எல்லாம் அதன் தலைக்குள் இருக்கிறது. அக்கா, நீங்கள் ஃபமிலி சேஃப்ரியை நீங்களே உட்கார்ந்து போட்டீர்கள் பாருங்கோ, அது பெரிய விஷயம். என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் வீட்டில் கட்டுப்பாட்டைப் போட்டதே அந்தப் பிள்ளைதான். தாய் கேட்டாவாம், அது போட்டுக் கொடுத்ததாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சாமம் இரண்டு மணிக்கு யாரோடு கதைக்கிறான்? அதைக் கேட்டீர்களா?


பருத்தித்துறை அப்பா

ரீச்சர் சொன்னது சரி. சார்ஜர் விஷயத்தில் நானும் அதைக் கேட்டிருக்கவேண்டும். என்னுடையவன் கதைத்தது ஒரு பெட்டையோடு.


கொக்குவில் அம்மா

பத்து நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். எல்லாம் செய்து முடித்துவிட்டு எழுதுவோம் என்று இருந்தேன்.

முதலில் ரீச்சரின் கேள்விக்கு. சனிக்கிழமை விடியத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு விறாந்தையில் அவனைப் பக்கத்தில் இருத்தினேன். சத்தம் போடவில்லை. "வீட்டில பிரிண்டர் இல்லையடா" என்று மட்டும் சொன்னேன். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மா, அந்தப் பேர் வைச்சதே நீங்கள் அதைப் பாத்தாலும் பாக்கமாட்டியள் எண்டுதான்" என்றான். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். சிரிப்பு வந்துவிட்டது.

பின் இலக்கம்? தம்பி சொன்னது அச்சொட்டு. திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டே நான்தான் சொல்லியிருக்கிறேன். எனக்கு நினைவேயில்லை, அவனுக்குத் திகதியோடு நினைவிருக்கிறது.

கதைத்தது கனடாவில் இருக்கிற என் அக்காவின் மகனோடு. இரண்டு பேரும் சேர்ந்து ஒன்லைனில் ஏதோ கட்டிடம் கட்டுகிற கேம். அவன் பள்ளிக்கூடம் விட்டு வர அங்கே நாலரை மணி, இங்கே சாமம் இரண்டு. போன கோடையில் அக்கா குடும்பமாக வந்து ஒரு மாதம் நின்றபோது இரண்டும் ஒட்டிக்கொண்டு திரிந்தவை. போன பிறகு இவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பேந்து சரியாகிவிட்டான் என்று நினைத்தேன். ஆக அம்மம்மா ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு கதைக்கவென்று போட்ட டேட்டாவை, அதே வீட்டுக்குக் கதைக்கத்தான் இவன் முடித்திருக்கிறான். அம்மாவுக்குச் சொன்னேன். "அப்ப வீணாப் போகேல்லை" என்கிறா. இவர்களோடு நான் என்ன செய்ய.

சுன்னாகம் தம்பி சொன்ன ஒழுங்கிலேயே செய்தோம். பிரிண்டருக்குள் ரியூட் ஒன்றும் இல்லை. வால்பேப்பரில் அவர்கள் இருவரும் கசூரினா கடற்கரையில் எடுத்த படம். அதை எடுத்து அவனுடைய கணக்கில் போட்டுவிட்டுத்தான் அழித்தேன், அவன் கேட்டதால். அவனுடைய கணக்கும் அட்மினாகவே இருந்தது. அப்படியென்றால் அவனுக்கு என் பின் தேவைப்பட்டிருக்கவே மாட்டாதே என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது அம்மா" என்று உண்மையாகவே கவலைப்பட்டான்.

பயொஸ் வேலையை நானாகச் செய்யப் பயமாக இருந்தது. 48 இலக்கத்தை எழுதிக்கொண்டு தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்ச் செய்வித்தேன். பாஸ்வேர்ட் அல்பத்துக்குள் இருக்கிறது. எந்த அல்பம் என்று இங்கே எழுதமாட்டேன், மகன் இதை வாசிக்கிறான் என்று நினைக்கிறேன்.

நேரத்தையும் மாற்றினோம். அக்காவோடு கதைத்து, சனி ஞாயிறு இங்கே பின்னேரம் ஆறரை தொடக்கம் எட்டரை. அங்கே காலை ஒன்பது. நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தால் காலை எட்டாகிவிடும், அக்காவின் மகன் இப்போதே புறுபுறுக்கிறானாம். ஃபமிலி சேஃப்ரியில் அந்த இரண்டு நாளும் அந்த நேரத்தைக் கேமுக்கு விட்டிருக்கிறேன். கிழமை நாளில் ஒன்பது மணிதான்.

ரவுட்டர் அடப்ரரை இப்போது கழற்றுவதில்லை.

ஒரே ஒரு சந்தேகம். போனுக்கு விரல் அடையாளம் வைத்தோம். அம்மாவின் விரல் வீட்டு வேலை செய்து தேய்ந்துபோய், பத்துத் தரம் வைத்தால் இரண்டு தரம்தான் எடுக்கிறது. அவ பொறுமை இழந்து பேரனையே கூப்பிட்டு அவனுடைய விரலையும் பதிந்து வைத்துவிட்டா. இப்போது என்ன செய்வது?


சுன்னாகம் திருத்துநர்

அக்கா, அந்தப் போனை இனிப் பூட்ட ஏலாது, விடுங்கோ. ஒரு சார்ஜ் வயர் வாங்குங்கோ, சார்ஜ் மட்டும் போகிற வகை. உள்ளே டேட்டாவுக்கான கம்பி இருக்காது. எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் லப்டொப்புக்குப் போன் இருப்பதே தெரியாது. மலிவு வயர்களில் சில அந்த வகைதான், கடையில் கேட்டால் "டேட்டா போகாது" என்று குறை மாதிரிச் சொல்லித் தருவார்கள். பழைய வயரை நீங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கோ. வைஃபை ஹொட்ஸ்பொட் போட்டால் லப்டொப்பில் போட்ட டிஎன்எஸ் பிடிக்கும், ஒன்பது மணிக்குக் கணக்கும் பூட்டிவிடும்.

விடுமுறைக்கு அவனைக் கடைக்கு அனுப்பச் சொன்னது பகிடி இல்லை. காலை ஒன்பது தொடக்கம் பன்னிரண்டு. மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்.


கொக்குவில் அம்மா

வயர் வாங்கிவிட்டேன். அவனுக்குச் சொல்லவில்லை. நேற்று இரவு ஒன்பதரைக்கு அறைக்குள்ளிருந்து, "அம்மம்மா, உங்கட போன் வயர் பழுதாப் போச்சுது போல" என்று சத்தம் கேட்டது.

அம்மா நித்திரை.